கர்ப்பப்பைக்காக ஒரு ஜெபம்

ஞாயிறு ஆராதனையில் குருவானவர் மைக்கில், "சகோதரி பாக்கியவதி தேவசிகாமணியின் கர்ப்பப்பைக்காக விசேஷமாக ஜெபிப்போம்" என்று அறிவித்தபோது, அம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்தில் அப்பா பக்தியோடு தலைகுனிந்திருந்தார்.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையில் காய்ச்சல் வந்தாலும் விசா வந்தாலும் ஜெபத்துக்குச் சொல்லிவிடுவார்கள். அப்பா ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார். மனதில் எதையும் பூட்டி வைக்கத் தெரியாதவர். சபையின் பெண்கள் ஐக்கியம் நடத்திய மருத்துவ முகாமில் அம்மாவுக்கு எடுத்த பாப் ஸ்மியர் பரிசோதனையின் முடிவு சரியில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும், அவர் நேராகப் போனது குருவானவர் வீட்டுக்குத்தான். டாக்டர் என்னிடம் தெளிவாகவே சொல்லியிருந்தார். கர்ப்பப்பை வாயில் செல்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, அதற்குப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. புதன்கிழமை கால்போஸ்கோப்பியில் லென்ஸ் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து. அப்பாவின் காதில் விழுந்தது 'புற்றுநோய்' மட்டும்தான்.

அந்த ஞாயிறு மாலையே ஹார்லிக்ஸ் பாட்டில்களோடு வீடு நிறைய ஆட்கள். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

"நான் டெஸ்ட்டுக்குப் போவல. ஊரே எனக்கு என்னன்னு பேசுது. ஆஸ்பத்திரில வேற போய் நிக்கணுமாக்கும்?"

அப்பா அடுக்களை வாசலில் நின்றார். "தப்புதான் பாக்கியம். பயந்துட்டேன்."

அம்மா புளியைக் கரைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஞானசுந்தரி பின்வாசல் வழியாக வந்தாள். அவள் புருஷன்தான் எங்கள் கோயிலில் மணியடிப்பவர். கையில் ஹார்லிக்ஸ் இல்லை.

"அக்கா, அந்த முகாம்ல எடுத்ததுல எனக்கும் சரியில்லன்னுதான் சொன்னாவ. அப்புறமும் திரும்பத் திரும்ப போன் வந்துச்சி. நான் எடுக்கல."

"வீட்ல சொல்லலையா?"

"என்னன்னு சொல்லுவேன்? உங்களுக்கு ஜெபம் பண்ணுன அன்னைக்குத்தான், இது வாய்விட்டுச் சொல்லுத சீக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது."

அம்மாவுக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்.

"ஏட்டி, ரெண்டு பிள்ளைய வச்சிக்கிட்டு இப்படியா இருப்ப? காலையில எங்கூட வா."

"நீங்க போறியளாக்கா?"

"போவாம?" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவேயில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஞானசுந்தரியையும் கூட்டிவரச் சொன்னார்கள்.

மறுநாள் ஆட்டோவில் நாங்கள் மூவரும் பின்னால் உட்கார்ந்துகொள்ள, அப்பா டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் மட்டுமே காத்திருந்த அந்த நீள வராந்தாவில், ஒரு பெஞ்சின் ஓரத்தில் கூசிக்கொண்டு உட்கார்ந்தார்.

நர்ஸ் இருவர் பெயரையும் சேர்த்தே கூப்பிட்டாள். ஞானசுந்தரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கண்ணாடியைக் கழற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

"பையப் போய்ட்டு வாரேன். அதுக்குள்ள யார்ட்டயும் ஒண்ணும் சொல்லிராதீய."

கதவு சாத்திக்கொண்டது. மடியில் இரண்டு பெண்களின் கைப்பைகளும் கையில் அம்மாவின் கண்ணாடியுமாக அப்பா கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்குக்கூட ஒரு சொல்லும் கேட்கவில்லை.