அளவு மாறினால் அழைப்பு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்குத் தொலைபேசி அடித்தது. ஹாரன் சமையலறையில் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்புக் கையைத் துடைக்கக்கூட நிற்காமல் வந்து எடுத்தார். மகள் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள், அதுவும் வண்டி ஓட்டிக்கொண்டே. மற்ற நாள்களில் அடித்தால் தப்பான எண்ணாகத்தான் இருக்கும்.

"வணக்கம் சார். மனஉறுதி ஆய்வுலேர்ந்து பேசறேன். நீங்க அனுப்பின தாள்ல ஒரு விடை, போன மாசத்துலேர்ந்து ரொம்ப மாறியிருக்கு. சரிபார்க்கணும். இப்பப் பேசலாமா?"

இளம் பெண்ணின் குரல். சளி பிடித்திருந்தது.

"தாராளமா பேசும்மா. எனக்கென்ன, ரயிலா காத்துக்கிட்டிருக்கு?"

அவள் சிரிக்கவில்லை. கேள்வியைப் படித்தாள். "'போட்ட திட்டம் திடீரென்று மாறினால் எனக்கு எரிச்சல் வருகிறது.' போன மாசம் 'கொஞ்சமும் இல்லை'. இந்த மாசம் 'முழுக்கச் சரி'."

"அடடா. கண்ணாடி போடாம கட்டத்தை மாத்திக் குறிச்சிட்டேன்போல. போன மாசம் சொன்னதுதாம்மா."

"நன்றி சார்."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். ஹாரன் ரிசீவரைப் பார்த்தார். அதில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது.

தீயணைப்பு வண்டி ஓட்டியே தலை நரைத்தவர் அவர். ஒரு முறை வண்டியின் ஹாரன் பாதி வழியில் செத்துப்போக, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்திக் கத்தியே சாலையைப் பிளந்துகொண்டு போனார். அன்றிலிருந்து நிலையத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஹாரன்தான். ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் இருந்தபோதுதான் ஆய்வுக்காரர்கள் நிலையத்துக்கு வந்தார்கள்.

குட்டையான ஒரு பேராசிரியர், கட்டுக் கட்டாகத் தாள்கள். எல்லோரையும் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து விளக்கினார். துன்பம் வரும்போது மனிதன் எவ்வளவு தாங்குகிறான் என்பதை அளக்க ஒரு வினாத்தாள் தயாரித்திருக்கிறார். அது நம்பத்தக்கதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

"அடிக்கோலை ரப்பர்ல செய்யக்கூடாது. ஒரே மேசையை இன்னைக்கு அளந்தாலும் அடுத்த மாசம் அளந்தாலும் ஒரே அளவு வரணும். அதனால ஆறு மாசம், மாசா மாசம் இதே தாள் உங்க வீட்டுக்கு வரும். எதாவது விடை ரொம்பத் தாவியிருந்தா எங்க ஆபீஸ்லேர்ந்து போன் வரும்."

"எங்க மனஉறுதியை எங்க பொண்டாட்டிங்ககிட்ட கேளுங்க சார்" என்றான், தண்ணீர்க் குழாய் பிடிப்பதால் பம்ப் என்று பெயர் வாங்கியவன். மேசையே குலுங்கியது.

தாளின் கடைசி வாக்கியம் இது: 'வீட்டில் தனியாக இருக்கும் நேரமும் எனக்கு நிறைவாகவே இருக்கிறது.' ஹாரனின் பேனா அங்கே நின்றது. பம்ப் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே யோசனை? நீங்கதான் செவுத்துகிட்டகூடப் பேசுற ஆளாச்சே."

"போடா, உன் தாளைப் பாரு" என்று சொல்லிவிட்டு, 'முழுக்கச் சரி' என்ற கட்டத்தில் அழுத்திக் குறித்தார்.

அடுத்த மாதம் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் வீடு எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. காலையில் சீருடை போடாத கை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும். தெருவில் தீயணைப்பு வண்டிச் சங்கு கேட்டால் உடம்பு எழுந்துவிடும், பிறகுதான் மூளை உட்காரச் சொல்லும். நிலையத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்தார். டீ கொடுத்தார்கள். மணி அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மூன்றாவது தாள் வந்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தெரிந்தேதான் செய்தார். இரண்டு விடைகளைத் தாவ விட்டார். உறையை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு, தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள்தான் கூப்பிட்டாள். சளி குணமாகியிருந்தது.

"அங்கயும் மழையாம்மா?"

"கேள்வியைத் தவிர வேற பேசக்கூடாது சார்."

"மழையைப் பத்திக்கூடவா?"

மறுமுனையில் ஒரு மூச்சு. அது சிரிப்பாக இருக்கலாம். "முதல் கேள்வி சார்..."

நான்காம் மாதம் ஐந்து விடைகள். அழைப்பு நீண்டது. அவள் நாற்காலி கிறீச்சிடுவதும், பின்னால் யாரோ ஸ்டேப்ளர் அடிப்பதும் கேட்டன. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் ஏற்ற இறக்கமில்லாமல் படித்தாள். அப்படித்தான் படிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சட்டமாம். 'எதையும் சமாளிக்க முடியும் என்று நம்புகிறேன்.' 'என் வேலையில் எனக்கு ஈடுபாடு இருக்கிறது.' வேறு யாரும் அவரிடம் இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டதில்லை. நிதானமாக யோசிப்பதுபோல் நடித்து, பதிலை இழுத்து இழுத்துச் சொன்னார். வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் அன்று இரண்டு வேளையும் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிட்டார்.

ஐந்தாம் தாளில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார். மேலிருந்து கீழே, ஆமாம் என்றதெல்லாம் இல்லை, இல்லை என்றதெல்லாம் ஆமாம். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் பேனா வழக்கம்போல் 'முழுக்கச் சரி'யில் குறித்துவிட்டு நகர்ந்தது. அதைக் கவனிக்கக்கூட இல்லை. உறைக்குள் போட்டார்.

இந்த முறை அழைப்பு வரச் சில நாள்கள் கூடுதலாக ஆயின. கடைக்குப் போகவும் பயந்து வீட்டிலேயே கிடந்தார். வந்தபோது அவள் எந்தக் கேள்வியையும் படிக்கவில்லை.

"சார், உங்களை ஆய்விலேர்ந்து எடுத்துட்டாங்க. உங்க தாள் எதுவும் கணக்குல வராது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ஏம்மா?"

"நம்பத்தக்க விடை இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "நான் போன்ல சரியாப் படிக்காம உங்களைக் குழப்பிட்டேனோன்னு பேராசிரியருக்குச் சந்தேகம். நாளைக்கு விளக்கம் சொல்லணும். இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை எனக்கு."

 எரிகிற வீட்டுக்குத் தாமதமாகப் போய் நின்றதுபோல் இருந்தது ஹாரனுக்கு. இதை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. விளையாட்டு தன்னோடு போய்விடும் என்றுதான் இருந்தார்.

"உம்மேல ஒரு தப்பும் இல்லம்மா. நான்தான் வேணும்னே மாத்தினேன். மாத்தினாத்தானே நீ கூப்பிடுவ. இதை அப்படியே அவர்கிட்ட சொல்லிடு. வேணும்னா நானே வந்து சொல்றேன்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"எனக்குத் தெரியும் சார்."

"எப்பலேர்ந்து?"

"மழையா இருக்கான்னு கேட்டீங்களே, அப்பலேர்ந்து."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு காலி அறையில் சத்தமாக விழுந்தது. "பலே ஆளும்மா நீ. தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அடுத்த மாசமே எடுத்திருப்பாங்க."

 பின்னால் ஸ்டேப்ளர் சத்தம் கேட்கவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருக்க வேண்டும்.

"அப்ப ஆறாவது தாள் வராதா?"

"வராது சார்."

"போனும்?"

"இந்த நம்பரை லிஸ்டிலேர்ந்து எடுத்துடுவாங்க."

"சரிம்மா. நாளைக்கு நல்லபடியா பேசு. பயப்படாத." வைக்கலாம் என்று ரிசீவரைக் காதிலிருந்து எடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

திரும்பக் காதில் வைத்தார். தாள்கள் புரளும் சத்தம். பிறகு அவள் பேசினாள். படிக்கும் குரல் இல்லை அது. ஏற்றமும் இறக்கமும் இருந்தன.

"இது கேட்கக்கூடாது. ஆனா உங்க அஞ்சு தாளும் என் முன்னாடிதான் இருக்கு. எல்லாத்தையும் அங்கயும் இங்கயும் மாத்தியிருக்கீங்க. கடைசிக் கேள்விய மட்டும் ஒரு தடவைகூட மாத்தலை. அது ஏன் சார்?"