எங்கிருந்தும் இயக்கலாம்

விலை உயர்ந்த ஆடியோ கருவிகள் விற்கும் ஷோரூமில் வேலை பார்க்கிறேன். டிஸ்க் பிளேயர் வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் சத்தம் எப்படி என்று கேட்பதே இல்லை. வைஃபை உண்டா, புளூடூத் உண்டா, வெளியூரிலிருந்து போனில் இயக்க முடியுமா, இதேதான் கேள்வி. "வீட்ல யாருமே இல்லன்னாலும் நீங்க பாட்டு போடலாம் சார்" என்று நானும் வாய் நிறையச் சொல்லி விற்பேன். அந்த வாயைத் தைத்தால் தேவலை.

என் தங்கை புருஷனை விட்டு வந்துவிட்டாள். கை நீட்டுகிறவன். கடைசியாக அடித்ததில் அவளுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. "எங்க போனாலும் தேடி வருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தான். அதனால் வேறு ஊரில், ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒளிந்து இருந்தாள். முகவரி எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் சம்பளத்தில் ஆசைப்பட்டு வாங்கிய பிளேயர் அவன் வீட்டிலேயே கிடந்தது. எனக்குப் பொறுக்குமா? அவன் இல்லாத நேரம் பார்த்து, அவளுடைய சாவியால் திறந்து தூக்கி, தங்கையிடம் கொண்டுவந்துவிட்டேன்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை" என்றாள். ஆனால் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "டிஸ்க் சுத்தினா போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"போடி இவளே. இத்தனை வசதிய வச்சுக்கிட்டு வெறும் டிஸ்க்கா?"

ஷோரூமில் பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை வைஃபையில் சேர்ப்பதுதான். எங்களிடம் எல்லாமே புதுசு, பழைய ஆளின் கணக்கை அழிக்கிற வேலையே வராது. அந்தப் பழக்கத்தில், தங்கை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்துச் சேர்த்துவிட்டேன்.

டிஸ்க் சுற்றியது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கூடியது.

"மெதுவா வைடி. பக்கத்து வீட்ல சண்டைக்கு வரப் போறாங்க."

"ரிமோட் உன் மடியிலதான இருக்கு."

குனிந்து பார்த்தேன். மடியில்தான் இருந்தது. சத்தம் இறங்கியது, மறுபடி ஏறியது. யாரோ சீண்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அவன்தான்" என்றாள். அவள் கை காதுக்குப் போனது.

"சும்மா இரு. ஏதாவது கோளாறா இருக்கும்" என்றேன்.

பிளேயருக்கு நாமே ஒரு பெயர் வைக்கலாம், அதுவும் ஒரு வசதி. அதுவரை திரையில் 'ஹால்' என்று இருந்தது. எங்கள் கண் முன்னாலேயே அது அழிந்து புதுப் பெயர் வந்தது. 'கிளம்பிட்டேன்.'

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

"நான் எங்க இருக்கேன்னு அதுல தெரியுமாக்கா?"

மறைக்காமல் சொன்னேன். பழைய கணக்கை அழிக்காததால் பிளேயர் இன்னும் அவன் போனோடுதான் இணைந்திருந்தது; எந்த வைஃபையில் சேர்ந்திருக்கிறது என்றும் அதில் தெரியும். இந்த வீட்டு வைஃபைக்கு, குழப்பம் வரக்கூடாதென்று கட்டடத்தின் பெயரையும் வீட்டு எண்ணையும் வைத்திருந்தார் வீட்டுக்காரர். பெரிய உபகாரம்.

"உன்கிட்ட மட்டும்தான சொன்னேன்" என்றாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கைக்குக் கிடைத்த துணியைப் பையில் திணித்தோம். எங்கே போவது என்று தெரியவில்லை, போனால் போதும் என்று இருந்தது. அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்பதும் தெரியவில்லை. வாசலுக்கு வந்தவள் சட்டென்று திரும்பிப் போய் பிளக்கை மாட்டினாள்.

"என்னடி பண்ற? பைத்தியமா உனக்கு?"

"அணைஞ்சு கிடந்தா கிளம்பிட்டோம்னு தெரிஞ்சுக்குவான். ஓடட்டும். நான் உள்ள உட்கார்ந்து பயந்துக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கட்டும்."

பாட்டைப் போட்டுவிட்டு, விளக்கையும் எரியவிட்டுக் கதவைப் பூட்டினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பயந்து படியில் இறங்கினோம். எதிரே ஒரு ஆள் மேலே ஏறி வந்தார். தங்கையைச் சுவரோரம் இழுத்து மறைத்து நின்றேன். யாரோ காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறவர்.

தெருவுக்கு வந்தபோது மேலே பாட்டு சன்னமாகக் கேட்டது. தங்கைக்குக் கேட்டதோ இல்லையோ, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திருப்பம் வந்ததும் நின்று காது கொடுத்தேன்.

வீட்டில் யாருமே இல்லை. அவன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தான்.