இரண்டு மணி நாற்பது நிமிடம்

மைக்கல்ராஜின் உடம்பில் இருபத்தாறு ஆண்டுகளாக, நாள் தவறாமல், விடியற்காலை நாலரை மணிக்கு ரப்பர்ப் பால் ஊறியது. நெற்றியிலிருந்து கணுக்கால் வரை, காது மடலுக்குப் பின்னால், விரல் இடுக்குகளில், மெல்லியதாக, வெள்ளையாக, இளஞ்சூட்டோடு. மொத்தமாக வழித்து எடுத்தால் ஒரு மங்கு தேறும். மரத்தில் கட்டித் தொங்கவிடும் அந்தச் சின்னக் கிண்ணத்தின் அளவு. ஈரமாக இருக்கும்போதே கழுவினால் பிசுபிசுவென்று இன்னும் பரவும் என்பதை முதல் வாரத்திலேயே அவன் கற்றுக்கொண்டான். ஆகவே தினமும் நாலேகாலுக்கு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, பால் ஊறி முடிந்து உறையும்வரை முக்கால் மணி நேரம் கையைக் காலை அகட்டியபடி நிற்பான். பிறகு நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரிக்க ஆரம்பிப்பான். மயிரோடு சேர்ந்து வருமிடங்களில் தேங்காய் எண்ணெய், புருவத்துக்குச் சின்ன இடுக்கி, குதிகாலுக்குத் தேய்ப்புக் கல், வாடை போக மூன்று முறை சோப்பு. அதற்கு மேல்தான் மற்றவர்கள் செய்யும் சவரம், நகம், தலைவாரல், பவுடர், இரண்டு வகை செண்ட் எல்லாம். கதவு திறக்க ஆறு ஐம்பத்தைந்து ஆகும். இரண்டு மணி நாற்பது நிமிடம். இருபத்தாறு ஆண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வருடமும் பத்து மாதமும் அவன் குளியலறையிலேயே குடியிருந்திருக்கிறான்.

தொடங்கிய நாள் அவனுக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வயதில் செரம்பான் பட்டணத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலைக்கு நேர்காணல். நடைவழியில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவன் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு, எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். மைக்கல்ராஜின் அப்பா மரியசூசை, லிங்கி என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். அவர்கள் வீட்டுத் துணிக்கொடி, மங்கில் உறைந்து நாறும் ஒட்டுப்பால் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே கூப்பிட்டு அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டபோது, "தோட்டத்து ஆபீஸில் கிராணி" என்று, பேனா பிடிக்கும் குமாஸ்தா வேலையே அவன் வாயில் வந்தது. வேலை கிடைத்தது. மறுநாள் விடியற்காலை பால் ஊறியது. பகாவ் பட்டணத்தில் ஒரு தோல் மருத்துவர் அதைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, ரப்பர்ப் பால்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

ஐந்து வருடம் கழித்துக் கல்யாணம் பேச வந்தார்கள். பெண் டோரின், அவள் அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். மைக்கல்ராஜின் அம்மா அப்போது உயிரோடு இல்லை. தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஆசிரியர், மரியசூசையைப் பார்த்து மரியாதையாக, "எந்த டிவிஷன்ல கிராணியா இருந்தீங்க?" என்று கேட்டார். மரியசூசை மகனைப் பார்த்தார். மகன் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தான். "ரெண்டாவது டிவிஷன்" என்றார் மரியசூசை. அந்த விஷயத்தைப் பற்றி அப்பாவும் மகனும் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு அவர் சட்டைப் பையில் பேனாவோடு வந்தார். முப்பது வருடக் கறை நகக்கண்ணில் கறுப்பாக ஏறியிருந்ததால், மூன்று நாள் முன்பிருந்தே எலுமிச்சம் பழமும் மண்ணெண்ணெயும் போட்டுக் கையைத் தேய்த்திருந்தார். தோல் கழன்று சிவந்திருந்த கட்டை விரலால் மருமகளின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் கையைக் காற்சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். புகைப்படங்களில் அவருக்குக் கை இல்லை.

பெடாஸில் அவர்கள் வாங்கிய மலிவு விலை வீட்டில் ஒரே குளியலறை, கழிப்பறையும் அதற்குள்ளேயே. டோரின் இரவே குளித்துவிடுவாள். மகள் கேரல் சமையலறைத் தொட்டியில் பல் விளக்கிப் பழகியே வளர்ந்து, இருபது வயதில் தாதியர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அலுவலகத்தில் மைக்கல்ராஜுக்கு மந்திரி என்று பட்டப்பெயர். பொதுமக்கள் வந்து நிற்கும் முகப்பில் அவன் உட்கார்ந்தால் அந்தப் பக்கமே மணக்கும். ஷோக்குப் பேர்வழி என்று நினைத்தார்கள், அவனும் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான். உரித்ததைச் சுருட்டிக் கறுப்புப் பையில் கட்டி, ஒரே இடத்தில் சேர்ந்துவிடாதபடி போகும் வழியில் வெவ்வேறு குப்பைத் தொட்டிகளில் போடுவான். இதற்குள் தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். மரியசூசை, லிங்கி ஆற்றோரம் ஒரு பலகை வீட்டில் கோழிகளோடு தனியாக இருந்தார். மைக்கல்ராஜ் கிறிஸ்துமஸுக்கும் அம்மாவின் நினைவு நாளுக்கும் போய், ஓட்டிவந்த காடியை நிழலில் நிறுத்தி, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருவான்.

போன வருடம் மரியசூசைக்குக் கண்ணில் புரை முற்றி, செரம்பானில் அறுவை செய்தார்கள். இரண்டு வாரம் மகன் வீட்டில் இருக்கும்படி ஆயிற்று. ஒரு கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி, மறு கண்ணில் பழைய புகை. சுவரைத் தடவித்தான் நடந்தார். ஐம்பது வருடம் விடியுமுன் எழுந்த உடம்பு, நாலரைக்கே விழித்துக்கொள்ளும். முதல் நாளே குளியலறைக் கதவு சாத்தியிருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். எட்டு நாள் அப்படியே ஆறு ஐம்பத்தைந்து வரை உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள், மாத்திரை வயிற்றைக் கலக்கிவிட்டது.

மணி ஆறு இருக்கும். மைக்கல்ராஜ் மார்பிலிருந்து இடுப்புவரை உரித்து முடித்திருந்தான். உரிந்த ரப்பர்த் தோல் இடுப்பில் மடிந்து தொங்கியது. கதவை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது. அவன் குழாயை நிறுத்தினான்.

"ராஜு, ஐயா, கொஞ்சம் தொறக்கிறியா. வயிறு ஒரு மாதிரி இருக்கு."

துண்டைச் சுற்றிக்கொண்டு திறக்கப் பத்து விநாடி போதும். கழுத்தையாவது முடித்துக்கொள்வோம், முகத்தையாவது முடித்துக்கொள்வோம் என்று அவன் நினைத்தான். அப்பாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் கை தெரியும், மூக்கு தெரியும். கழுத்து ஓரத்தில் நகத்தைக் கொடுத்தான். இரண்டாம் முறை தட்டல் இன்னும் மெதுவாக வந்தது. "சரிய்யா, நீ முடி. பரவால்ல." பிறகு தட்டல் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு மூச்சும் நின்றது, பிறகு சிமெண்டுத் தரையில் ஏதோ சொட்டும் சத்தம். "ஆண்டவரே" என்று கிழவர் தமக்குள் சொன்னதும் கேட்டது. அதற்குப் பிறகும் மைக்கல்ராஜ் திறக்கவில்லை. கழுத்தை உரித்தான். தாடையை உரித்தான். வலது காதுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தபோது கேரல் கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

"அப்பா, தொறங்க. தாத்தாவக் கழுவணும்."

துண்டைச் சுற்றிக்கொண்டு திறந்தான். மரியசூசை சுவரோடு ஒட்டி நின்றார். கைலியின் பின்பக்கத்தைக் கையில் திரட்டிப் பிடித்திருந்தார், இன்னும் தரையில் விழாமல் இருக்கட்டும் என்று. மகன் நிற்கும் பக்கத்தை உத்தேசமாகப் பார்த்து, "மன்னிச்சிரு ராஜு, வீட்ட அசிங்கம் பண்ணிட்டேன்" என்றார். கேரல் அப்பாவின் இடுப்பில் தொங்கிய வெள்ளைத் தோலை ஒரு தரம் பார்த்தாள். தாத்தாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். டோரின் வாளியும் துடைப்பமும் கொண்டு வந்தாள். மைக்கல்ராஜ் வாங்கித் துடைக்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

காலைச் சாப்பாட்டு மேசையில் கேரல்தான் கேட்டாள். "தாத்தா கூப்ட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு."

அவள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மைக்கல்ராஜ் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். நேர்காணல், கிராணி, மறுநாள் ஊறிய பால். பாதியில் அவள் கை காட்டி நிறுத்தினாள். "எனக்கு அப்பவே தெரியும்லா, ராஜ். சிலுவை போட்டாரே, கிராணி கை அப்படியா இருக்கும்? எங்கப்பாவுக்கும் தெரியும். கேட்டா மாமா கூசிப் போயிருவாருன்னு பேசாம இருந்தாரு." பாலும் அவளுக்குத் தெரியும். தலையணை உறையில் வெள்ளை இழை ஒட்டாத நாளில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் அடியில் வாடை இருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் கீத் என்பவருக்குக்கூடத் தெரியும். நீ இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறாய், தெரியும் என்று எப்படிச் சொல்வது என்று எல்லோரும் அவரவர் பங்குக்குச் சும்மா இருந்திருக்கிறார்கள். மைக்கல்ராஜ் அன்று வேலைக்குப் போகவில்லை. கண்ணாடி பார்க்க முடியாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அந்தச் சமயத்தில் மரியசூசை தம் கைலியைத் தாமே துவைத்துப் பிழிந்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, கோழிக்குத் தீனி வைக்க ஆளில்லை என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி லிங்கிக்குப் போய்விட்டார். டோரின் தடுத்துப் பார்த்தாள், காடியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொன்னாள். "வேணாம்மா" என்றார் அவர்.

சனிக்கிழமை மைக்கல்ராஜ் உரிக்காமலே அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டான். பால் உறைந்து முகம் இறுகியிருந்தது. பெட்ரோல் நிலையத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள், மூன்றாவது ஆள் பார்க்கவில்லை. பலகை வீட்டு வாசலில் மரியசூசை கோழிகளுக்கு நொய் தூவிக்கொண்டிருந்தார். மகன் கிட்டே வந்ததும் முதலில் முகர்ந்தார். பிறகு கண் மூடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்து, அவன் முழங்கையில் ஓரிடத்தைக் கிள்ளி இழுத்தார். "நல்ல கெட்டிப் பாலு" என்றார். எத்தனை வருடமாக என்று கேட்டார். அவன் சொன்னான். அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்து, அது அவன் வேலைக்குச் சேர்ந்த வருடம் என்று கண்டுகொண்டு, மீதி நொய்யைத் தூவினார்.

"அப்பா, அன்னிக்கு நா உள்ளதான் இருந்தேன். நீங்க கூப்ட்டது கேட்டுச்சு."

"தெரியும்யா. நா தட்டுனதும் தண்ணிய நிறுத்துன. கேக்கத்தான நிறுத்துன."

மைக்கல்ராஜ் மண்ணில் உட்கார்ந்தான். அவனுக்கு அழுகை வந்தது, ஆனால் கண்ணிமைகளின் மேல் பால் காய்ந்திருந்ததால் கண்ணீர் வழியாமல் உள்ளேயே நின்றது. மரியசூசை அவன் சட்டையைக் கழற்றவைத்து, பின்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, பிடரியில் கட்டை விரல் நகத்தைக் கொடுத்து ஓரத்தைக் கிளப்பினார். வெட்டுக் கோட்டில் காய்ந்த கோட்டுப்பாலை மரத்திலிருந்து இழுப்பதுபோல் ஒரே சீராக, அறுபடாமல் இழுத்தார். தலையிலிருந்து இடுப்புவரை வர நாலு நிமிடம் ஆயிற்று. வலிக்கவில்லை. இமைகளை மட்டும் அவர் எச்சில் தொட்டு நனைத்து எடுத்தார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வாருங்கள் என்று அவன் கூப்பிட்டதற்கு, "அங்க வேணாம் ராஜு" என்றார், அதை இரண்டாம் முறை கேட்கத் தோன்றாத குரலில். அடுத்த கண்ணுக்கு அறுவை செய்தபோதும் அவர் பெடாஸுக்கு வரவில்லை. பழைய தோட்டத்தில் கூட வேலை செய்த சன்னாசி செரம்பானில் மகளோடு இருந்தார், அங்கே தங்கிக்கொண்டார். மைக்கல்ராஜ் தினமும் வேலை முடிந்து அங்கே போய், வேற்று வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டு வந்தான். சன்னாசியின் மகள் ஒவ்வொரு நாளும் மரியாதையாகத் தேநீர் கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் அவன் அதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

பால் ஊறுவது நிற்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் நின்றுவிடும் என்று கேரல் நினைத்தாள், மைக்கல்ராஜும் கொஞ்சம் நினைத்தான். ஆனால் இன்றுவரை தினமும் நாலரைக்கு ஊறுகிறது. இப்போது அவன் வீட்டுப் பின்கட்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து உரிக்கிறான். எட்டாத முதுகை டோரின் உரித்துவிடுகிறாள். உரித்த தோல் துணிக்கொடியில் சட்டைகளுக்கு நடுவில் காய்கிறது. கீத் கொஞ்சம் கேட்டு வாங்கிப்போய்த் தன் மோட்டார் சைக்கிள் கொட்டகையின் ஓட்டையை அடைத்தார். உறைந்தபின் மொத்தம் முப்பது நிமிடம் ஆகிறது. அவசரத்தில் அங்கங்கே கொஞ்சம் விட்டுப்போகும், அப்படியே வேலைக்குப் போகிறான்.

போன மாதம் தங்கராஜு என்ற பெரியவர் ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்துக்கொண்டு முகப்புக்கு வந்தார். பேசிக்கொண்டே இருந்தவர், "தம்பி, காதுக்குப் பின்னால என்ன வெள்ளையா?" என்று கேட்டார்.

"பால். எங்கப்பா பால் மரம் வெட்டுனவரு."

சொல்லும்போது மைக்கல்ராஜுக்குக் காது சுட்டது. எத்தனை பேரிடம் சொன்னாலும் அது சுடத்தான் செய்கிறது.

"எந்தத் தோட்டம்?" என்றார் பெரியவர்.

மைக்கல்ராஜ் தோட்டத்தின் பெயரைச் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.