கதவுக்கு வெளியே அவருடைய ஷூ

"வெச்சியா இல்லியா, அத மட்டும் சொல்லும்மா."

"வெச்சுட்டேன்னு எத்தன வாட்டிடி—"

"ஃபோட்டோ எடுத்து அனுப்பு."

"ஷூவப் போயி யாராவது ஃபோட்டோ எடுப்பாங்களா? எதிர் ரூம்காரன் பாத்தா என்ன நெனப்பான்?"

"உள்ள ஆம்பள இருக்கான்னு நெனப்பான். அதுக்குத்தானே வெக்கச் சொன்னதே!"

மியாவ் ஷூயுன் கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு குனிந்து, கதவுக்கு வெளியே இருந்த ஷூக்களைச் சேர்த்து வைத்தாள். கறுப்புத் தோல், நாற்பத்து மூன்றாம் அளவு. அவள் கணவர் ஹே குவாங்மிங் இறந்தபோது அவருடைய துணிமணிகளோடு மற்ற செருப்புகளையும் எரித்துவிட்டார்கள். இந்த ஜோடி மட்டும் அப்போது தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் இருந்தது. பதினைந்து நாள் கழித்து அவர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். புது அடித்தோல். அதைப் போட்டுக்கொண்டு யாரும் ஓரடிகூட நடந்ததில்லை.

"கேக்குதாம்மா? யாராவது தனியாவான்னு கேட்டா, வீட்டுக்காரர் கூட வந்திருக்கார்னு சொல்லு. ரூம் எங்கன்னு யார்கிட்டயும் சொல்லாத."

"நான் என்ன கொழந்தையா?"

"போன குளிர்காலத்துல குளியலறையில விழுந்து ரெண்டு மணி நேரம் கெடந்தது யாரு? மூணு நாள் தனியா ஊர் சுத்தணும்னு கேட்ட, சரின்னேன். சின்னதா ஒரு பிரச்சினைன்னாலும் நீ இருக்கற தியான்ஷூய் வீட்ட விக்கறோம், நீ எங்களோட சூச்சோவுக்கு வந்துடற. பேசினது பேசினதுதான்."

"அப்ப, ஒண்ணும் ஆகலேன்னா?"

மகள் ஷின்யி இறங்கி வந்தாள். "ஒண்ணும் ஆகலேன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அது போதும் ஷூயுனுக்கு. நாலாவது மாடியில் இரண்டு அறை, பால்கனியில் கொத்தமல்லித் தொட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து யார் நேரத்துக்கும் காத்திராமல் சாப்பிடுகிற ஒரு மேசை. அறுபத்தொரு வயதில் அதை விட்டுவிட்டு மருமகன் வீட்டுச் சோபாவின் ஓரத்தில் உட்கார அவளுக்கு மனமில்லை. கதவைச் சாத்தினாள். பூட்டு பீப் என்றது. சாவி கிடையாது, ஆறு எண்கள்தான். அறையை வாடகைக்கு விட்டவனை அவள் பார்த்ததே இல்லை, எண்களை மட்டும் கைபேசிக்கு அனுப்பியிருந்தான். இதற்கு முன் தங்கிப் போனவர்களுக்கும் இதே எண்களைத்தான் அனுப்பியிருப்பானோ என்ற நினைப்பு லிஃப்டில் இறங்கும்போதுதான் வந்தது.

அந்தக் கட்டடத்துக்கு எது தரை என்றே தெரியவில்லை. நேற்று டாக்ஸி அவளை மேல் சாலையில் இறக்கிவிட்டது, உள்ளே நுழைந்தால் அது பதினான்காவது மாடி. இன்று ஒன்றாம் மாடிக்கு இறங்கினாள், அங்கேயும் ஒரு சாலை, பேருந்து, நூடுல்ஸ் கடை. எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் உள்ளே வரலாம் என்பதுதான் அவளுக்கு உறைத்தது.

ஊரில் இன்னொரு கட்டடத்துக்குள் புகுந்து மறுபக்கம் போகும் ரயிலைப் பார்க்க அதன் கீழே கூட்டம். ரயிலை விழுங்குவதுபோல் எல்லோரும் வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் வெட்கத்தோடு வாயைத் திறந்தாள், ஆனால் கைபேசியைத் தள்ளிப் பிடித்துத் தன்னைத்தானே எடுக்கக் கை எட்டவில்லை.

"குடுங்கக்கா, நான் எடுக்கறேன்." சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஆள். நாற்பது இருக்கும். எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தான். "தனியாவா வந்தீங்க?"

"இல்ல இல்ல. வீட்டுக்காரர் தண்ணி வாங்கப் போயிருக்கார்."

சொன்னதும் மனசுக்குள் ஒரு சின்னப் பெருமை. பொய் சுலபமாகத்தான் வருகிறது.

பிற்பகல், கம்பிவடத்தில் தொங்கி ஆற்றைக் கடக்கும் கேபிள் கார் பெட்டிக்கு இரண்டு மணி நேர வரிசை. முப்பது வருஷமாகக் குவாங்மிங் அழைத்துப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது இதற்குத்தான். பெட்டி அசைந்து ஆற்றின் மேல் போனது. கீழே மூடுபனி, தண்ணீர் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். காதருகே குரல் வந்தது.

"என்னக்கா, அண்ணன் இன்னுமா தண்ணி வாங்கறாரு?"

அதே சாம்பல் ஜாக்கெட். சுற்றியிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஊர் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே நாலு இடத்துக்குத்தான் போவார்கள், இதில் என்ன இருக்கிறது என்று ஷூயுன் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் வாய் அதற்குள் முந்திக்கொண்டது.

"அவருக்கு உயரம்னா பயம். ரூமுக்குப் போயிட்டாரு."

"உயரம்னா பயமா? இந்த ஊர்ல எங்க ரூம் போட்டீங்க, பாதாளத்துலயா?"

"இல்ல, அந்தா அந்த ரெட்டைக் கட்டடம், இருபத்தி மூணாவது மாடி, ஜன்னல் பக்கமே வர மாட்டேங்கறாரு..."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று தெரிந்தது. பொய்யை உண்மையாக்க ஒரு உண்மையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அவன் அவள் விரல் காட்டிய பக்கம் நிதானமாகப் பார்த்தான். "நல்ல உயரம்தான்" என்றான். கரை வந்ததும் கூட்டத்தோடு இறங்கிப் போனான். அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள்.

ரூமுக்குப் போகப் பயம், போகாமல் இருக்கவும் பயம். மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் இறைச்சியை வேகவைத்துச் சாப்பிடும் கொதிசட்டிக் கடை ஒன்றில் வெளிச்சமும் சத்தமும் இருந்தன. நுழைந்தாள்.

"எத்தன பேரு?"

"ரெண்டு."

இரண்டு கிண்ணம், இரண்டு ஜோடி குச்சி வைத்தார்கள். மிளகாய் எண்ணெய் கொதித்துக் கொதித்துச் சுண்டியது. பரிமாறுகிற பெண் இரண்டு தடவை வந்து பார்த்தாள். "அத்தை, மாமா வர லேட்டாகுமா? தீயக் கொறச்சு வெக்கட்டுமா?"

"கொறச்சு வெம்மா."

எதிர்க் கிண்ணத்தில் அவளே ஒரு துண்டு மாட்டிறைச்சியை எடுத்துப் போட்டாள், சாப்பிட்ட மாதிரி இருக்கட்டும் என்று.

இருட்டத் தொடங்கும்போது தூறல். சாலையோரக் கற்சுவர்களில் வேர்விட்டுத் தொங்கும் மரங்களிலிருந்து மஞ்சள் இலைகள் உதிர்ந்து படிகளில் சேறோடு ஒட்டிக் கிடந்தன. லிஃப்டில் அவள் மட்டும்தான். இருபத்து மூன்றாவது மாடி நடை, இருபுறமும் சாத்திய கதவுகள், காலடிச் சத்தத்துக்கு மட்டும் எரிந்து அணைகிற விளக்கு. ஷூ அங்கேதான் இருந்தது. சேர்த்து வைத்தபடியே. பெருமூச்சு விட்டு உள்ளே எடுத்து வைக்கத் தூக்கினாள். விரல் நனைந்தது.

திருப்பிப் பார்த்தாள். அடித்தோல் முழுக்கச் சேறு. இடது குதிகாலில் ஒரு மஞ்சள் இலை ஒட்டியிருந்தது.

எப்படி உள்ளே வந்தாள், எப்போது நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள் என்பது தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நகரம் முழுக்க விளக்குகள் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. கைபேசி அடித்தது.

"அம்மா, ரூமுக்கு வந்துட்டியா? எல்லாம் நல்லபடியா?"

"எல்லாம் நல்லபடி."

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"காரம். இந்த ஊர்ல தண்ணி கூடக் காரமா இருக்கு."

ஷின்யி சிரித்தாள். "ஷூ?"

"வெளியதான் இருக்கு." ஷூ அவள் மடியில் இருந்தது, கால்சட்டையில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. "அந்த ஷூ இருக்கப்ப எனக்கென்ன பயம்? வெச்சுடுடி, குளிக்கணும்."

கைபேசியின் வெளிச்சம் அணைவதற்குள் கதவில் மூன்று தட்டு விழுந்தது. மெதுவாக, தெரிந்தவர்கள் தட்டுவதுபோல.

துப்புரவுப் பெண்ணாக இருக்கலாம். எதிர் அறைக்காரன் அவசரத்துக்கு அந்த ஷூவை மாட்டிக்கொண்டு கீழே போய்வந்து, அதைச் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கலாம். திரையில் ஷின்யியின் பெயர் இன்னும் இருந்தது. ஒரு விரல் வைத்தால் போதும், நாளைக் காலை விமானத்தில் வந்து நிற்பாள், அப்புறம் கொத்தமல்லித் தொட்டியை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டியதுதான். ஷூயுன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுபடி மூன்று தட்டு. அப்புறம் பூட்டின் மேல் ஒரு விரல் பட்டு, பீப்.

அவள் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் தரையில் அறைந்து கொட்டியது. சேற்று ஷூவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, வெளியே நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும்படி, அந்தச் சத்தத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, குளிச்சது போதும். யாரோ கதவத் தட்டறாங்க, யாருன்னு போய்ப் பாருங்களேன்."