கைப்பிடி எந்தப் பக்கம்

எங்கள் சுப்பிரமணி மாமா ஒரு பொருள் வாங்கக் கடை ஏறினால் கடைக்காரனுக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். செருப்பு வாங்க ஊரெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் முதல் கடைக்கே வந்து நிற்பார். அப்படிப்பட்ட மனிதரோடு தூண்டில் ரீல் வாங்கக் கிளம்பினேன். அதுவும் ரெண்டு மணி வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கு முதலிலிருந்தே எரிச்சல்தான்.

அவர் என் அக்கா திரௌபதியின் புருஷன். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாகக் கிருஷ்ணகிரி போகும் தனியார் பஸ் ஒன்றில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். வருஷம் தொண்ணூற்று நாலு. அன்று பௌர்ணமிக்கு மறுநாள். மலை சுற்றி முடித்த ஜனம் காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தது.

மாமாவுக்கு ஓய்வு நாள் என்றால் வேங்கிக்கால் பக்கத்து ஏரிதான். பாட்டிலில் சுற்றிய நைலான் நரம்பு, ஒரு முள், கொஞ்சம் மண்புழு. நரம்பை வலது ஆள்காட்டி விரலில் ஏற்றி வைத்துக்கொண்டு உட்காருவார். மீன் தொட்டால் விரல் சொல்லும் என்பார். சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாக வெறுங்கையோடு திரும்பினார். மீன் இரையைத் தின்றுவிட்டுப் போயிருக்கும், இவருக்குத் தெரிந்திருக்காது. "கைநரம்பு சரிப்படல காசி. ரீல் வெச்ச கோலு வாங்கிடலாம்" என்று ஒரே பிடியாக நின்றார்.

நசீர் அகமது பாய் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருந்தது. பூட்டு, குடை, டார்ச் லைட்டுகளுக்கு நடுவே தூண்டில் சாமானும் வைத்திருந்தார். மெட்ராஸிலிருந்து புதிதாக நாலு ரீல் இறக்கியிருந்தார். ஒன்றைக் கோலில் மாட்டி, நரம்பின் நுனியில் ஒரு செங்கல்லைக் கட்டித் தெரு ஓரத்தில் வைத்தார். கைப்பிடி வலது பக்கம் இருந்தது.

"இழுத்துப் பாருங்க. பேரு, கலரு எதையும் பாக்காதீங்க. கையில சொகமா உக்காரணும், அவ்ளோதான்" என்றார் பாய்.

மாமா நாலு சுற்று சுற்றினார். "கனம் ஜாஸ்தி பாய்."

அடுத்தது கனம் கம்மி. அதற்கு, "கைப்பிடி உருண்டை சின்னதா கீது, விரலு வழுக்குது" என்றார். மூன்றாவது சுற்றும்போது நடுநடுவே நின்றது. "பல்லு தேஞ்ச சரக்கு பாய் இது." நான் அதை வாங்கிச் சுற்றினேன். எண்ணெய் போட்ட தையல் மெஷின் போல ஓடியது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதையா கீது மாமா" என்றேன்.

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். அன்று அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நெற்றியில் வியர்வை. அடுத்த ரீலை எடுத்தார். அதையும் வைத்தார். மறுபடி முதல் ரீலுக்கே வந்தார். ஒரு தூண்டில் சாமானுக்கு மனிதன் இப்படியா பல்லைக் கடிப்பான் என்று எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பாய் டீ வரவழைத்தார். கண்ணாடி கிளாஸ் கொதித்தது. நான் விளிம்பை மட்டும் பிடித்து, கை மாற்றி மாற்றி ஊதினேன். மாமா வலது கையால் கிளாஸை முழுசாக அணைத்துப் பிடித்தபடி ரீல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார் பாய். "இந்தத் திருகைக் கழட்டினா கைப்பிடிய இடது பக்கம் மாட்டலாம். வெளிநாட்டுக்காரங்க பாதிப் பேரு அப்படித்தான் சுத்துறாங்க."

"சோத்துக் கை இருக்கும்போது பீச்சாங்கையால சுத்துறதா? மீனு வெளங்குமா?"

"சுத்தித்தான் பாருங்களேன்."

பாய் மாட்டிக் கொடுத்தார். மாமா வேண்டாவெறுப்பாக இடது கையால் சுற்றினார். ரீல் சத்தமில்லாமல் ஓடியது. செங்கல் தரையை உரசிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தது. மறுபடி கொண்டுபோய் வைக்கச் சொன்னார், மறுபடி இழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதான் காசி, இதான். பாத்தியா, கோளாறு ரீல்லதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் கோலைப் பார்த்தேன்.

கோலைப் பிடித்திருந்தது வலது கை. பழக்க தோஷத்தில் நரம்பை ஆள்காட்டி விரலில் ஏற்றியிருந்தார். செங்கல்லின் பாரத்தோடு நரம்பு அந்த விரலை அறுத்துக்கொண்டே போனது. ரத்தம் கோலில் வழிந்து, மணிக்கட்டுக்கு இறங்கி, காக்கிச் சட்டையைத் தொட்டுவிட்டது. அவர் சிரித்தபடி சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, கை."

குனிந்து பார்த்தார். யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்தார். பிறகு சட்டென்று கைக்குட்டையை எடுத்துச் சுற்றிக்கொண்டு, "எடுத்து வைங்க பாய், வந்து வாங்கிக்கறேன்" என்று தெருவில் இறங்கிவிட்டார்.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன வாரம் செங்கத்தில் நின்றிருந்த டிராக்டரை உரசினோம். ஸ்டியரிங்கில் ஆட்டம் என்றார். அதற்கு முந்தி ஒரு மைல் கல். மழை என்றார். நானும் தலையாட்டி, ஓனரிடம் அவருக்காகப் பரிந்து பேசியிருந்தேன்.

வண்டிக்குப் பின்னால் வைத்து மறித்தேன். "எத்தினி நாளா இப்படி?"

"என்னாது எப்படி? தூக்கத்துல கை மரத்துப் போச்சு. சரியாயிடும்."

"ரத்தம் கொட்டுது, உங்களுக்குத் தெரியல."

"சத்தம் போடாத." குரல் இறங்கியது. "சக்கரையோ, வேற என்ன எழவோ. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு பேரு வெப்பாங்க. பேரு வெச்சிட்டா ஓனரு அன்னிக்கே எறக்கிடுவாரு. பொண்ணு இனியா பத்தாவது படிக்குது. எனக்கு வேற என்னா தொழில் தெரியும், நீயே சொல்லு. உங்க அக்காவ நெனச்சுப் பாரு."

"அவள நெனச்சுத்தான் கேக்கறேன்."

"இந்த ஒரு நடை ஓட்டிட்டு வந்து பேசிக்கலாம்." என்னைத் தள்ளிக்கொண்டு போய் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டார்.

வண்டியில் கால் வைக்க இடமில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு அம்மா, கொப்பளித்த பாதங்களை நீட்டி, மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். நான் பின் படியில் ஏறினேன். ரெண்டு மணி ஆகிவிட்டது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். டைம் கீப்பர் கையை ஆட்டினார்.

விசிலை வாயில் வைத்தேன்.

என் விசில் இல்லாமல் மாமா ஒரு நாளும் வண்டியை நகர்த்தியதில்லை. அது சட்டம் மட்டுமில்லை, எங்களுக்குள் அது ஒரு மரியாதை. செங்கத்துக்கு இந்தப் பக்கம் புளியமரச் சாலை, எதிரே லாரிகள். அந்தக் கையில் ஸ்டியரிங் வழுக்கினால் அவருக்குத் தெரியவே தெரியாது. விசில் ஊதினால் இத்தனை உயிர். ஊதாவிட்டால் என் அக்கா வீட்டு அடுப்பு. எனக்கு அழுகை வந்தது, அழுகையை விடக் கோபம் வந்தது. இதை ஏன் என் தலையில் கட்டுகிறார் இந்த மனுஷன்?

"யோவ் கண்டக்டரு, ரைட் குடுய்யா" என்று யாரோ கத்தினார்கள்.

முன் கண்ணாடியில் மாமாவின் கண்கள் தெரிந்தன. கெஞ்சவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தன. இன்ஜின் உறுமியது. நான் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன்.

வசவு நாலு பக்கமும் கிளம்பியது. அவர் நினைத்திருந்தால் கியரைப் போட்டுக் கிளம்பியிருக்கலாம். யார் தடுத்திருக்கப் போகிறார்கள்? கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு இடது கையால் இன்ஜினை நிறுத்தினார்.

வேறு டிரைவரைத் தேடிக்கொண்டு டைம் கீப்பர் ஓடினார். நான் முன்னால் போனேன். மாமா கைக்குட்டையை அவிழ்த்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் இன்னும் நிற்கவில்லை.

"வாங்க மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

அவர் எழுந்திருக்க நேரமாயிற்று. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார், அந்த வலது கையால். நான் தோளைக் கொடுத்து இறக்கினேன்.

"பாய் கடை வழியா போ காசி" என்றார். "கைப்பிடிய மாத்திட வேணாம்னு சொல்லு. இடது பக்கமே இருக்கட்டும்."