இடப்பக்கம் படுக்க வைக்கவில்லை

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நெடுந்தூரம் போகிற கனத்த பைக்குகளுக்குப் பின்பக்கக் கார்டு செய்து மாட்டுவதுதான் அங்கே தொழில். வண்டி சாய்ந்தாலும் பின்சீட்டில் இருப்பவரின் கால் அடியில் சிக்காதபடி தாங்கி நிற்கிற வளைந்த இரும்புக் குழாய் அது. மாட்டி முடித்ததும் வண்டியை அப்படியே தள்ளிக் கொடுத்துவிட மாட்டார்கள். கைப்பிடி படுகிற இடத்தில் சாக்கை மடித்துப் போட்டு, நிறைமாதக்காரியைக் கைத்தாங்கலாகப் படுக்க வைப்பது போல, முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் வண்டியைத் தரையில் படுக்க வைப்பார்கள். ஒரு காலின் பருமனுக்குச் செதுக்கிய மரக்கட்டையை அடியில் விட்டு இழுப்பார்கள். கட்டை சுலபமாகப் போய் வந்தால்தான் வேலை முடிந்தது என்று பேர்.

இந்த வழக்கத்தைக் கொண்டு வந்தவரே பட்டறைக்காரர்தான். எல்லோரும் அவரைப் பைப்பண்ணன் என்பார்கள். காலையில் வெல்டிங்கைப் பற்ற வைப்பதற்கு முன் கண்ணை மூடி, "என் கை வேலையால ஒருத்தருக்கும் கெடுதல் வரக் கூடாது சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். அதை வாயளவில் சொல்கிறவர் இல்லை. அதனால்தான் அன்று நடந்தது அவரை அவ்வளவு படுத்தியது.

அந்த வண்டி ஒரு தையல்காரம்மாவுடையது. ஐம்பத்தெட்டு வயது. வண்டி ஓட்டுவது அவர். பின்னால் உட்காருவது அவர் கணவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில், திருப்பத்தில், நடந்து போகிற வேகத்தில்தான் வண்டி சரிந்தது. தையல்காரம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. வாத்தியாரின் இடது கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. உள்ளே கம்பி வைத்துத்தான் நிமிர்த்தினார்கள். அதன்பின் அவர் பின்சீட்டில் ஏறவே இல்லை. அந்தம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத் தெருவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, வண்டிக்குத் துணியைப் போர்த்தி வைப்பார். கடற்கரைச் சாலை வழியாகக் கடைசிக் கலங்கரை விளக்கம் வரைக்கும் இருவரும் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூன்று வருடம் கெஞ்சியதில் வாத்தியார் ஒரு வழியாக இறங்கி வந்தார். ஒரே நிபந்தனை: கார்டு.

வண்டியை எடுக்க மாலையில் வருவதாகச் சொன்னவர்கள், மறுநாள் விடியலில் கிளம்புகிற குதூகலத்தில் நண்பகலிலேயே வந்து நின்றார்கள். அப்போது வலப்பக்கம் மட்டும்தான் படுக்க வைத்துப் பார்த்திருந்தது. இடப்பக்கத்துக்கு ஆள் இல்லை. ஒத்தாசைக்கு இருக்கும் மச்சான் குழாய் வாங்கப் போயிருந்தான். ஆமை வேகத்தில் வேலை செய்கிறவன் என்பதால் பட்டறையில் அவனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர்.

தையல்காரம்மா தோளில் கிடந்த இஞ்சு டேப்பை எடுத்துக் கார்டின் வளைவை அளந்து பார்த்தார்.

"அளவெல்லாம் கச்சிதமா இருக்கு தம்பி. ட்ரையல் பாத்துட்டீங்கல்ல? ரெண்டு பக்கமும் படுக்க வச்சு?"

முந்தைய வாரம்தான் பைப்பண்ணன் அவரிடம், "ரெண்டு பக்கமும் படுக்க வைக்காம நம்ம பட்டறையில வண்டி வெளிய போகாது அக்கா" என்று மார் தட்டியிருந்தார். இப்போது, "ஒரு மணி நேரம் உக்காருங்க, ஆள் வரட்டும்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

"பாத்தாச்சு அக்கா" என்றார்.

வாத்தியார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தார். "எனக்கு இரும்பப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. உங்க வார்த்தைய நம்பித்தான் ஏறி உக்காரப் போறேன்" என்று பைப்பண்ணனின் கரி படிந்த கையைப் பிடித்துக் குலுக்கினார். வண்டி போய்விட்டது.

மச்சான் திரும்பி வந்தபோது மணி மூன்று. குழாயை இறக்கிப் போட்டவன் காலி இடத்தைப் பார்த்தான்.

"என்ன மாமா, வண்டி போயிடுச்சு? இடப்பக்கம் யாரு பிடிச்சா?"

"யாரும் பிடிக்கல."

"அப்ப படுக்க வைக்கலையா?"

பைப்பண்ணன் கையுறையைக் கழற்றினார். அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. இடப்பக்கம் மாட்டியிருந்த சாமான் பெட்டியின் பூட்டுக்கு வழி விடுவதற்காகக் குழாயை இரண்டு விரல் உள்ளே தள்ளி வளைத்திருந்தார். இரண்டு பக்கமும் ஒன்று போல இல்லை. வலப்பக்கம் சரியாக இருந்ததை வைத்து இடப்பக்கத்துக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. வாத்தியாரின் கம்பி வைத்த காலும் இடதுதான்.

"விடுங்க மாமா, அவங்க விழவா போறாங்க?"

"விழ மாட்டாங்கன்னா கார்டு எதுக்குடா?"

மச்சான் தலையைச் சொறிந்தான். "அப்ப ஒண்ணு பண்ணலாம். ஒரு போல்ட் முறுக்கணும், மறந்துட்டேன்னு சொல்லி வண்டிய வாங்கிட்டு வந்துருவோம். நைசாப் பாத்துட்டுக் கொடுத்துரலாம். அவங்களுக்கு ஏன் தெரியணும்? சொன்னீங்கன்னா அந்த மனுசன் ஜென்மத்துக்கும் பின்னால ஏற மாட்டாரு. அந்தம்மா ஆசையில மண்ணப் போட்ட பாவம் வேற."

'அவசரம்' தன் வாழ்நாளில் சட்டென்று சொன்ன யோசனை அது ஒன்றுதான். அதில் நியாயமும் இருந்தது. பைப்பண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு போகிற வழியெல்லாம் அதையே ஒத்திகை பார்த்தார். 'ஒரு போல்ட் அக்கா. ஒரே ஒரு போல்ட்.'

தையல்காரம்மாவின் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். நாற்காலியில் இரண்டு ஹெல்மெட்டுகள் புதுமாப்பிள்ளையும் பெண்ணும் போல ஜோடியாக உட்கார்ந்திருந்தன. வாத்தியார் தாளில் பாதையை வரைந்து, எங்கே எத்தனை மணிக்கு இளைப்பாறுவது என்று குறித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க! மூணு வருசம் கழிச்சு நேத்துதான் இவரு சிரிச்சாரு" என்றார் அந்தம்மா. "என்ன தம்பி, சட்டைப் பை இப்படிக் கிழிஞ்சு தொங்குது? கழட்டுங்க, ரெண்டு நிமிசம்."

"ஐயோ, வேண்டாம் அக்கா. ஸ்க்ரூ டிரைவர் வச்சு வச்சு... நான் ஒரு போல்ட்டு விசயமா..."

"போல்ட்டு ஓடியா போயிடும்? கழட்டுங்க. என் வீட்டுக்கு வந்தவரு கிழிஞ்ச சட்டையோட திரும்பிப் போனா என் தொழிலுக்குத்தான் கேவலம்."

வாத்தியார் தன் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். அது பைப்பண்ணனுக்கு முழங்கால் வரை தொங்கியது. "பரீட்சைக்குப் பயந்து அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு வந்த பையன் மாதிரி இருக்கீங்க" என்று வாத்தியார் சிரித்தார்.

மெஷின் ஓடத் தொடங்கியது. தான் ஏமாற்றிய மனிதரின் சட்டைக்குள் உட்கார்ந்திருந்த பைப்பண்ணனுக்கு, வெந்நீருக்குள் உட்கார்ந்தது போல இருந்தது. அவர்கள் கடிந்து பேசியிருந்தால் அந்தப் போல்ட் பொய்யைச் சொல்லியிருப்பார். கேட்காமல் ஒருவர் செய்கிற சின்ன உபகாரத்துக்கு எதிரே இரண்டாவது பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"அக்கா, மெஷினக் கொஞ்சம் நிறுத்துங்க. மதியம் நான் பொய் சொல்லிட்டேன். இடப்பக்கம் படுக்க வச்சுப் பாக்கல."

மெஷின் நின்றது.

மூன்று பேரும் வாசலுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் கூப்பிட்டு, தலையணைகளை வைத்து, வண்டியை இடப்பக்கமாக மெல்லப் படுக்க வைத்தார்கள். கட்டை கொண்டு வரவில்லை. வாத்தியார் சிரமப்பட்டுக் குனிந்து, தன் கையை அடியில் விட்டுப் பார்த்தார். உள்ளங்கை போனது. மணிக்கட்டு போனது. முழங்கைக்குக் கீழே சதை தொட்டதும் நின்றுவிட்டது.

அவர் கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. "நாளைக்குக் கிளம்ப வேண்டாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கைத்தடியை ஊன்றி உள்ளே போனார். பாதை வரைந்த தாளை அவர் மடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது.

தையல்காரம்மா பைப்பண்ணனைப் பார்க்கவே இல்லை. மெஷினில் உட்கார்ந்து மீதித் தையலை முடித்து, நூலைக் கடித்து அறுத்து, சட்டையை நீட்டினார். அரைகுறையாக விடவில்லை, ஒழுங்காக முடித்துத்தான் கொடுத்தார்.

"திட்டிடுங்க அக்கா."

"திட்டினா உங்களுக்குப் பாரம் குறையும். எனக்கு என்ன குறையும்?" என்றார். பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "காலையில வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. சரி பண்ணுங்க. அவரு வந்தா வராரு."

மறுநாள் பைப்பண்ணன் இடப்பக்கக் கார்டைக் கழற்றி அறுத்துப் போட்டார். புதுக் குழாயை வெளியே தள்ளி வளைத்து, பெட்டியின் பூட்டுக்காகக் குழாயை ஒதுக்காமல் பூட்டையே இடம் மாற்றி வைத்தார். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம். அரை நாள் அதிக வேலை என்று தவிர்த்ததுதான். பற்ற வைக்கும் முன் வழக்கமான வேண்டுதலைச் சொல்ல வாயைத் திறந்தவர், பாதியில் நிறுத்தி, "மன்னிச்சுக்கோ சாமி" என்று மட்டும் சொன்னார்.

வேலை முடிகிற நேரத்துக்கு வாத்தியாரும் மனைவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். மச்சான் கட்டையை எடுத்து வந்தான்.

"அது வேண்டாம்டா" என்றார் பைப்பண்ணன். தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து, பின்சீட்டுக்காரர் கால் விழுகிற இடத்தில் தன் இடது காலை நீட்டினார். "பக்கத்துக் கடைக்காரங்களக் கூப்பிடு. மெதுவா இறக்குங்க."

"மாமா, கிறுக்கா உங்களுக்கு?"

"மரக்கட்டைக்கு வலிக்காது. அதனாலதான் எனக்கு அலட்சியம் வந்துடுச்சு. இறக்கு."

நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். கார்டு சிமெண்டுத் தரையில் 'டங்' என்று உட்கார்ந்தது. "கைய எடுங்க" என்றார். எடுத்தார்கள். வண்டியின் முழுப் பாரமும் காலுக்கு மேலே நின்றது. தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பைப்பண்ணன் காலை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, சுலபமாக வெளியே இழுத்துக்கொண்டார்.

வாத்தியார் வெகுநேரம் அந்த இடைவெளியையே பார்த்தார். வண்டியை நிமிர்த்திய பிறகு எழுந்து வந்தார். உங்கள் வார்த்தையை நம்பி ஏறுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இனி ஒருபோதும் சொல்ல மாட்டார் என்று பைப்பண்ணனுக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு வாங்குகிற தகுதி தனக்கு இல்லை என்பதும் தெரிந்தது.

"அந்த ஸ்பேனரக் கொடுங்க" என்றார் வாத்தியார். "எப்படிப் பிடிக்கணும்?"

பைப்பண்ணன் கொடுத்து, பிடிக்கும் விதத்தைக் காட்டினார். இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த மனிதர் ஒவ்வொரு போல்ட்டாகத் தானே முறுக்கிப் பார்த்தார். வலப்பக்கம் நாலு, இடப்பக்கம் நாலு. இடப்பக்கத்தை இரண்டு தடவை. குனிய முடியாமல் அவர் தடுமாறியபோது பைப்பண்ணன் தோளைக் கொடுத்தார். வாத்தியார் ஒரு கணம் தயங்கிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டார்.

"கிளம்பலாமா?" என்று மனைவி கேட்டார், கேட்கப் பயந்தபடி.

"தெருமுனை வரைக்கும் போய்ப் பாப்போம்" என்றார் வாத்தியார். "மிச்சத்த அங்க போய் யோசிக்கலாம்."

வண்டி புறப்பட்டது. தெருமுனையில் ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி வராமல் நேராகப் போயிற்று. அது கண்ணுக்கு மறைந்த பிறகும் பைப்பண்ணன் வாசலிலேயே நின்றார்.