மாமனார் பேரைச் சொல்லாத மருமகள்

"பெர்மெட், 'பயணத்துக்கு அப்புறம்'ங்கிறதை இங்கிலீஷ்ல 'ஆஃப்டர்'னு ஆரம்பிச்சு ரெண்டு விதமாச் சொல்லு. மொதல்ல வினையில."

"ஆஃப்டர் டிராவலிங்" என்றாள் பெர்மெட், பளிச்சென்று.

"சரி. இப்போ பெயர்ச்சொல்லால."

பெர்மெட் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். சூரா டீச்சர் தலையசைத்தால்தான் காரகோல் ஏரிக்கரை விடுதியில் வரவேற்பு வேலை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வேலைதான் அவள் கனவு. ஆனால் பயணம் என்ற பெயர்ச்சொல்லுக்கு அவர்கள் மொழியில் 'சபர்'. மாமனாரோ சபர்பெக். மருமகள் அந்தப் பெயரை உச்சரிக்கலாமா? வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் "தூரமாப் போறாங்க" என்றுதான் சொல்வாள்.

அந்த மாமனாரே அவளை அழைத்துப்போக வந்து, வெளியே பனி கொட்டியதால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்!

"ஆஃப்டர்... தூரமா..."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"ஏம்மா, ஜர்னின்னா உங்க மாமனார் திரும்பிப் பார்ப்பாரா?"

"இங்கிலீஷ்ல சொன்னாலும் மனசுல அவர் பேருதான் வருது டீச்சர்!" என்றாள், முகம் சிவக்க.

"விருந்தாளிகிட்டயும் இப்படியே முழிச்சா?"

சபர்பெக் எழுந்தார். "நான் வெளியில நிக்கிறேன். நீ தைரியமாச் சொல்லும்மா."

"குளிருது மாமா, வேண்டாம்!"

"சீக்கிரம் சொன்னா சீக்கிரம் உள்ள வருவேன்."

போய்விட்டார். பெர்மெட் முணுமுணுத்தாள். காதில் விழவில்லை என்றார் டீச்சர். தவிப்போடு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்தப் பெரிய மனுஷர் கம்பளித் தொப்பியை மூக்கு வரை இழுத்து, போதாதென்று இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு, கொட்டும் பனியில் நின்றிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்தச் சிரிப்போடே, "ஆஃப்டர் தி ஜர்னி!" என்று கத்திவிட்டாள்.

"திங்கட்கிழமை விடுதிக்குப் போ" என்றார் டீச்சர்.

பெர்மெட் வெளியே ஓடிப்போய் மாமனார் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். தொப்பிக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப்பார்த்தது.

"சொல்லிட்டியா?"

"வேலையே கிடைச்சிருச்சு மாமா!"

"அடி சக்கை!" தாடிப் பனியைத் தட்டியபடி குரலைத் தாழ்த்தினார். "நான் வெளியில நின்னதை மட்டும் உன் மாமியார்கிட்ட சொல்லிடாதே. அவ புது மருமகளா எங்கப்பா பேரைச் சொல்ல முடியாம முழிச்சப்போ, அவர் இப்படி எழுந்து போகலைம்மா. இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா."